மூலநூலார் இலக்கணம்

படக்கதை நூல்களிலிருந்து எடுக்கப்பட்ட கற்பனையுலக அனிமேஷன் தொடர்களைக் கண்டு மகிழ்வோரை இரு வகையினராகப் பிரிக்கலாம்: தொடரைப் பார்ப்பவர், தொடரைச் சரிபார்ப்பவர். முதல் வகையினரைப் பற்றி எழுத அதிகமில்லை. அவர்கள் சாய்ந்து அமர்ந்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, ஓரிரு இடங்களில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உறங்கப் போய்விடுகிறார்கள். இரண்டாம் வகையினரே ஆய்வுக்குரியவர். இவரை மூலநூலார் என இக்கட்டுரை குறிப்பிடும். திரையில் ஓடும் கதை எந்த நூலிலிருந்து பிறந்ததோ அந்த நூலைத் திரைக்கு முன்பே வாங்கியவர், வாங்கிய ஆண்டை மறவாதவர், அந்த ஆண்டை எடுத்துச் சொல்ல ஒரு தருணம் வாய்க்காதா என்று எந்நேரமும் காத்திருப்பவர் எவரோ அவரே மூலநூலார்.

மூலநூலார் எல்லாத் தழுவல்களின் ஓரத்திலும் காணப்படுபவர்தாம் என்றாலும், அவருடைய இயல்புகள் அனைத்தும் ஒருசேர விளங்கும் களம் ‘ஹில்டா’ என்னும் தொடராகும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஓவியர் லூக் பியர்சன் எழுதி வரைந்து, லண்டனின் நோப்ரோ பதிப்பகம் 2010 முதல் 2019 வரை வெளியிட்ட ஆறு கிராஃபிக் நாவல்களே இத்தொடரின் மூலம். கிராஃபிக் நாவல் என்பது ஒரு முழுக் கதையைக் கட்டங்களாக வரைந்து நூல்வடிவில் தருவது. மாதந்தோறும் வரும் மெல்லிய காமிக்ஸ் இதழிலிருந்து வேறுபடுத்தவே இப்பெயர் என்பது பதிப்பாளர் தரும் விளக்கம், வளர்ந்தவர்கள் கூச்சமின்றிக் கடைக்குள் வந்து வாங்கவே இப்பெயர் என்பது விற்பவர் அறிந்த உண்மை. நீலத் தலைமுடியும் மஞ்சள் கழுத்துத்துணியும் கொண்ட ஹில்டா என்னும் சிறுமி, தன் தாயுடனும், நரியின் உடலில் மானின் கொம்பு முளைத்த ட்விக் என்னும் செல்லப்பிராணியுடனும் முதலில் மலைவெளியிலும், பின்னர் டிரோல்பெர்க் என்னும் மதில் சூழ்ந்த நகரிலும் வாழ்வதே கதை. மதிலுக்கு அப்பால் இருப்பவை டிரோல்கள். ஸ்காண்டிநேவிய நாட்டார் கதைகளிலிருந்து வந்த இப்பேருருவப் பூதங்கள் ஹில்டாவின் உலகில் வெயில் பட்டால் கல்லாகி நின்று, இருட்டியபின் மீண்டும் நடமாடுபவை.

இந்நூல்களுள் முதலாவது 2010இல் ‘ஹில்டாஃபோக்’ என்ற பெயரில் மெல்லிய ஏடாக வந்தது. 2013இல் நோப்ரோ பதிப்பகம் சிறுவர் நூல்களுக்கென ஃபிளையிங் ஐ புக்ஸ் என்னும் கிளையைத் தொடங்கியபோது, அதே கதை ‘ஹில்டாவும் டிரோலும்’ என்ற பொருள்படும் புதுப்பெயருடன் கெட்டி அட்டையில் மறுபடியும் வந்தது. இந்த ஒரு செய்தி பிறருக்கு நூற்பட்டியல் விவரம். மூலநூலாருக்கோ அது சாதிப் பிரிவினை. மெல்லிய ஏட்டை வைத்திருப்பவர் கெட்டி அட்டைக்காரரைக் காணும்போது முகத்தில் ஒரு கனிவு தோன்றும். அது பின்னால் வந்த உறவினருக்குப் பந்தியில் இடம் இல்லாதபோது காட்டப்படும் கனிவு. கெட்டி அட்டைக்காரரும் சும்மா இருப்பதில்லை. தொடர் வந்த பிறகு, அத்தொடரைக் குறிக்கும் முத்திரை பதித்த பிரதியை வாங்கியவரைத் தேடிப் போய் அதே கனிவை அவர்மீது இறக்கிவிட்டு வருவார்.

2018ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், பதின்மூன்று பகுதிகள் கொண்ட முதல் சீசன் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. அன்று மாலை மூலநூலார் தொடரைத் தனியே பார்த்திருக்கலாம். ஆனால் தனியே பார்ப்பதால் அவருக்குப் பயனில்லை. அருகில் ஒருவர் வேண்டும், அவர் நூலைப் படிக்காதவராகவும் இருக்க வேண்டும். மனைவி, கணவர், தங்கை, வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர் என யாராயினும் இப்பொறுப்பை ஏற்கலாம். உடனிருப்பவர் என இங்கே சுட்டப்படும் இவருடைய கடமை, அவ்வப்போது ‘அப்படியா’ என்று சொல்வது மட்டுமே. திரையில் சிறுமி வாய் திறந்து முதல் சொல்லைப் பேசியதும் மூலநூலாரின் புருவம் சுருங்குகிறது. நூலில் குரல் இல்லை, பேச்சுக்குமிழ் மட்டுமே உண்டு; ஆகவே எட்டு ஆண்டுகளாக ஹில்டா அவர் தலைக்குள் வேறொரு குரலில் பேசிவந்தாள். அந்தக் குரல் எத்தகையது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது, இது இல்லை என்று மட்டும் சொல்ல முடியும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் சிறுவயதுத் தலைவியாக வந்து பெரியவர்களை அதட்டிய பெல்லா ராம்சே அளித்த அந்தக் குரலில் ஆர்வமும் பிடிவாதமும் சம அளவில் கலந்திருப்பதை உடனிருப்பவர் முதல் நிமிடத்திலேயே ரசித்துவிடுகிறார். மூலநூலாருக்கு மூன்று பகுதிகள் தேவைப்படுகின்றன. நான்காம் பகுதியில், தம் தலைக்குள் ஒலித்ததும் இதே குரல்தான் என்று அவர் அறிவித்துவிடுகிறார்.

குரலைக் கடந்தாலும் காலத்தைக் கடப்பது எளிதன்று. நூலில் காலம் வாசகர் கையில் இருக்கிறது. பக்கத்தின் மேல்மூலையிலிருந்து கீழ்மூலை வரை கண் எப்படி அலைந்தாலும் கேட்பாரில்லை, மலையளவு பூதம் ஒன்று நிற்கும் பக்கத்தில் கால்மணி நேரம் தங்கினாலும் கதை கோபித்துக்கொள்வதில்லை. திரையில் காலம் இயக்குநர் கையில் இருக்கிறது. ஐந்து வினாடி என்று அவர் முடிவுசெய்தால் ஐந்து வினாடிதான். பறிபோன இந்த உரிமையை மூலநூலார் ரிமோட்டின் வழியாக மீட்டுக்கொள்கிறார். படம் நின்றுவிடுகிறது. மடியில் இருந்த நூல் எழுந்து திரைக்குப் பக்கத்தில் பிடிக்கப்படுகிறது. நூலின் பக்கம் நெடுக்காகவும் திரை அகலமாகவும் இருப்பதால், அங்கே மேலும் கீழுமாக இருந்தவை இங்கே இடமும் வலமுமாக ஆகியிருப்பதை உடனிருப்பவர் காண வேண்டும். கண்டதாகச் சொல்லவும் வேண்டும்.

இவ்வாறு ஒப்புநோக்கும் கலைக்குத் தமிழ்ப் பதிப்புலகில் மதிப்பு மிக்க ஒரு பெயர் உண்டு. பாடபேதம் என்பது ஒரே நூலின் வெவ்வேறு ஏட்டுப் பிரதிகளிடையே காணப்படும் வேறுபாடு. சுவடிகளைத் திரட்டி அச்சேற்றியவர்கள் கண் நோக ஒப்பிட்டு அடிக்குறிப்பில் தந்த இத்தகைய வேறுபாடுகளை, மூலநூலார் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும் வேளையில் வாய்மொழியாகத் தருகிறார். கல்லாக நிற்கும் டிரோலின் மூக்கில் ஹில்டா மணியைக் கட்டிவிடும் நிகழ்ச்சி முதல் நூலின் உயிர்நிலை. பாறையை அமைதியாக உட்கார்ந்து வரையும் சிறுமி, அது விழித்தெழுந்தால் தெரிய வேண்டுமே என்று கட்டிய அந்த மணி, அந்தி சாய்ந்தபின் எங்கோ ஒலிப்பதுதான் அங்கே அச்சம். தொடரின் முதல் பகுதியிலும் மணி உண்டு. ஆனால் நூலில் அந்த மணி எழுத்தால் ஒலித்தது, ஒவ்வொரு வாசகருக்கும் ஒவ்வொரு மணியாக ஒலித்தது, தொடரிலோ எல்லாருக்கும் ஒரே மணி என்பது மூலநூலாரின் குறை. குறையில் நியாயமில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதை அவர் சொல்லி முடிப்பதற்குள் டிரோல் வந்து போய்விடுகிறது, உடனிருப்பவர் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படத் தவறிவிடுகிறார்.

ஹில்டாவின் உலகில் எல்ஃப் எனப்படும் விரலளவு மனிதர்கள் உண்டு. இவர்களுடைய ஊரும் வீடும் ஹில்டாவின் காலடியிலேயே இருந்தும், உரிய படிவங்களில் கையொப்பமிடும் வரை அவள் கண்ணுக்கு அவை தென்படுவதில்லை. கையொப்பம் இட்ட மறுகணம் புல்வெளி முழுதும் ஊர்களாகத் தெரிகிறது. படிவமும் துணைவிதியும் ஒப்புதல் குறிப்புமே உயிர்மூச்சான இந்தக் குறுமக்கள்மீது மூலநூலாருக்குத் தனிப் பாசம் உண்டாவதில் வியப்பில்லை. அவரோடு அமர்ந்து தொடர் பார்ப்பதற்கும் எழுதப்படாத படிவங்கள் பல இருக்கின்றன. இன்னும் பார்க்காத பகுதியைத் தனியே பார்ப்பதில்லை என்று உடனிருப்பவர் ஒப்புக்கொள்ள வேண்டும். கிரைம்ஸ் என்னும் கனடிய இசைக்கலைஞர் தந்த முகப்புப் பாடலைத் தாண்டிச் செல்லும் பொத்தானைத் தொடக் கூடாது. பகுதி முடிந்தபின் ஓடும் பெயர்ப்பட்டியலும் முழுதாக ஓட வேண்டும். இந்தக் கடைசி விதி நெட்ஃபிளிக்ஸுக்குத் தெரியாது. பட்டியலைச் சுருக்கிவிட்டு அடுத்த பகுதியைத் தொடங்க அது ஆயத்தமாகும் சில வினாடிகளில், தொடரை அசைவூட்டியவர்கள் ஒட்டாவா நகரின் மெர்க்குரி ஃபிலிம்வொர்க்ஸ் நிறுவனத்தினர் என்பதைத் திரையிலேயே காட்டிவிட வேண்டும் என்ற துடிப்பில் மூலநூலார் ரிமோட்டை நோக்கிப் பாயும் பாய்ச்சல், அவர் வயதினரிடம் பொதுவாகக் காணக் கிடைக்காதது.

நிஸ்ஸே என்னும் வீட்டுக்காவல் உயிரினமும் ஸ்காண்டிநேவியக் கதைமரபிலிருந்து வந்ததே. பியர்சன் இதற்கு அளித்திருக்கும் இருப்பிடம் மிக நுட்பமானது: அலமாரிக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் வீட்டார் பயன்படுத்தாமல் விட்ட இடுக்குகள் எல்லாம் உள்ளுக்குள் ஒன்றாக இணைந்து பெருவெளியாகி, அதில் நிஸ்ஸே குடியிருக்கிறது. மூலநூலாரின் வீட்டில் நிஸ்ஸே குடியேற வழியில்லை. இரண்டு பதிப்புகள், படிப்பதற்கு ஒன்று பாதுகாப்பதற்கு ஒன்று என்று ஒவ்வொரு பதிப்பிலும் இரண்டு பிரதிகள், இரவல் கேட்பவருக்குக் கொடுக்க மற்றொன்று என நூல்கள் எல்லா இடுக்குகளையும் நிறைத்துவிட்டன. இரவல் பிரதி இதுவரை எவருக்கும் தரப்பட்டதில்லை.

மூலநூலாருக்கு அடுத்தபடியாகச் சொல்லத் தக்கவர், குழந்தையை முன்னிட்டுப் பார்ப்பவர். மகள் ஆசைப்பட்டாள், அதனால் பார்க்கிறோம் என்பது இவர் வாதம். மகள் தூங்கிப்போய் அரைமணி நேரம் ஆகிறது என்பது நிலவரம். இவரைப் பற்றி இதற்குமேல் விரிக்க வேண்டியதில்லை, ஏனெனில் உலகில் சிறுவர் தொடர் பார்க்கும் பெரியவர்களில் பெரும்பாலோர் இவரே. மூலநூலார் இவரை மதிப்பதில்லை. தமக்கு இத்தகைய சாக்கு எதுவும் தேவைப்பட்டதில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. ஆயினும் தமக்கை மகள் ஒன்பது வயதை எட்டியதும், அவளை நெறிப்படுத்தும் கடமை தமக்கு இருப்பதாக உணர்ந்து, பிறந்தநாள் பரிசாக முதல் நூலின் புதிய பிரதி ஒன்றை வாங்கித் தருகிறார். சிறுமி ஒரே மூச்சில் படித்து முடிக்கிறாள். “மாமா, கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா டிவியில வர்ற மாதிரி இல்லையே” என்கிறாள். தொடரை முதலில் பார்த்த அவளுக்குத் தொடரே மூலம், மாமாவின் மெல்லிய ஏடு ஏதோ ஒரு பாடபேதம். இந்த வழக்கில் மேல்முறையீடு செய்ய இடமில்லை என்பதால், மாமா அவளுக்குக் கேக் வெட்டித் தருகிறார்.

முதல் சீசனில் மூலநூலார் சந்தித்த இடர்ப்பாடு ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம் நூலான பறவை ஊர்வலக் கதை மூன்றாம் பகுதியிலேயே வந்துவிட்டது. நான்காம் நூலான கரிய வேட்டைநாயின் கதையோ பதின்மூன்றாம் பகுதி வரை ஒத்திவைக்கப்பட்டது. இடையில் உள்ள ஒன்பது பகுதிகளும் பெரும்பாலும் தொடருக்காகவே புனையப்பட்டவை. கெட்ட கனவுகளை விளைவிக்கும் மாரா, காணாமற்போன எல்ஃப் குலம், கடல் எலிகள் என அவற்றில் வருபவை எதுவும் மூலநூலாரின் அலமாரியில் இல்லை. பிற்காலத்தார் பழைய நூலில் நுழைத்த பாட்டை இடைச்செருகல் என்று உரையாசிரியர் ஒதுக்குவதுபோல் இவற்றை ஒதுக்கிவிடவே அவர் முதலில் எண்ணினார். ஆனால் தொடரின் உருவாக்கத்தில் பியர்சனே பங்குகொண்டிருக்கிறார் என்பது தடையாக வந்து நின்றது. நூலாசிரியரே உடனிருந்து செய்த செருகலை இடைச்செருகல் என்று எந்த இலக்கணத்தாலும் சொல்ல முடியாது. எனவே ஒன்பது பகுதிகளையும் அவர் பொறுமையாகப் பார்த்தார், பதின்மூன்றாவது வரும் வரை நூலை மடியிலிருந்து இறக்கவில்லை.

இத்தனைக்கும் அவர் பக்கம் ஒரு நியாயம் இருப்பதை மறைக்கக் கூடாது. பிறர் கதையின் பின்னே ஓடும்போது பின்னணியைப் பார்ப்பவர் அவர் ஒருவரே. ஒவ்வொரு காட்சியும் சில வண்ணங்களுக்குள் அடங்கியிருப்பது, பகல் முழுதும் காவியும் பசுமையுமாக இருந்த மலை இருட்டியதும் ஊதாவும் கருநீலமுமாக ஒடுங்குவது, மூமின் கதைகளைத் தந்த பின்லாந்து எழுத்தாளர் தோவே யான்சனிடம் பியர்சன் பட்ட கடன் அந்த வீட்டின் அமைதியிலும் தாயின் அலட்டாத அன்பிலும் தெரிவது ஆகியவற்றை உடனிருப்பவர் கவனித்தது மூலநூலார் படத்தை நிறுத்தியதால்தான். நன்றி சொல்லலாம் என்று அவர் வாய் திறந்தபோது மூலநூலார் அடுத்த பாடபேதத்துக்குப் போய்விட்டார்.

அவருடைய பொற்காலம் இரண்டாம் சீசனின் முடிவில் வந்தது. ஐந்தாம் நூலான ‘கற்காடு’ 2016இல் வெளியானபோது அதன் கடைசிப் பக்கத்தில் பியர்சன் ஒரு கொடுமை செய்திருந்தார்: டிரோல்கள் வாழும் மலைக்குள் சிக்கித் தாயும் மகளும் எப்படியோ மீண்டு வீடு சேர்ந்து, அப்பாடா என்று வாசகர் மூச்சுவிடும் நேரத்தில், ஹில்டாவின் கட்டிலில் வேறொரு குழந்தை கிடக்கிறது, ஹில்டாவோ மலைக்குள் டிரோல் உருவில் கண்விழிக்கிறாள். கதை அங்கே நின்றுவிட்டது. அடுத்த நூலான ‘மலையரசன்’ வந்தது 2019இல். இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் மூலநூலாரின் வாழ்வில் தவக்காலம். அக்காலத்தில் அவர் செய்துவைத்த ஊகங்கள் ஒன்றுகூடப் பலிக்கவில்லை என்பது வேறு. தொடரின் இரண்டாம் சீசன் இதே இடத்தில், இதே அதிர்ச்சியுடன், 2020 டிசம்பர் 14 அன்று முடிந்தது. உடனிருப்பவர் துள்ளி எழுந்து, அப்புறம் என்ன ஆகிறது என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் மூலநூலார் அத்தனை காலம் வாழ்ந்தார். விடை தெரிந்தும் சொல்லாதிருப்பதன் இன்பம் அவர் முகத்தில் ஒளிவிட, பொறுத்திருந்து பார் என்றார்.

பொறுப்பதற்கு அவசியமில்லை என்பதை அவர் எண்ணிப்பார்க்கவில்லை. அதற்குள் ‘மலையரசன்’ கடைகளில் கிடைக்கத் தொடங்கி ஓராண்டு கடந்திருந்தது. உடனிருப்பவர் அன்றிரவே நூலை வரவழைக்க ஏற்பாடு செய்து, வார இறுதிக்குள் முழுதும் அறிந்துகொண்டார். மூன்று ஆண்டு தவம் செய்து பெற்றதை ஒருவர் அஞ்சல் செலவில் பெற்றுவிட்டது முறையற்றது என்று மூலநூலார் வருந்தினார். அதைவிட, நூலைத் தம் அலமாரியிலிருந்து எடுக்காமல் தனிப் பிரதி வாங்கியது ஏன் என்று கேட்டு, இரவல் பிரதியின் வரலாற்றை நினைவூட்டும் பதிலைப் பெற்றபோது மேலும் வருந்தினார். அந்நூலைத் தழுவிய திரைப்படம் 2021 டிசம்பர் 30 அன்று வெளியானது. அன்று இருவரும் மடியில் ஆளுக்கொரு பிரதியுடன் அமர்ந்திருந்தார்கள், ரிமோட்டுக்காகச் சண்டை மூண்டது.

பின்னர் 2023 டிசம்பர் 7 அன்று எட்டுப் பகுதிகளுடன் மூன்றாம் சீசன் வந்தது. ஆறு நூல்களும் தீர்ந்துவிட்டன. டோஃபோடன் என்னும் சிற்றூர், அங்கே வாழும் அஸ்ட்ரிட் பாட்டி, இத்தனை நாள் எட்டிப் பார்க்காத ஹில்டாவின் தந்தை ஆகியோரைச் சூழ்ந்த இக்கதைகளுக்கு ஒப்புநோக்க ஏடு எதுவும் இல்லை. முதல் பகுதியில் மூலநூலார் பழக்கத்தால் இருமுறை படத்தை நிறுத்தினார், நிறுத்தியபின் சொல்ல ஒன்றுமில்லாததால் மீண்டும் ஓடவிட்டார். இரண்டாம் பகுதியில் ரிமோட் கீழே வைக்கப்பட்டது. மூன்றாம் பகுதியில் அவர் ஓர் இடத்தில் திடுக்கிட்டார், இன்னோர் இடத்தில் பிறருக்கு முன்பாகவே சிரித்தார், அடுத்து என்ன ஆகுமோ என்று உடனிருப்பவரிடமே கேட்டார். உடனிருப்பவர் பழிவாங்கும் வாய்ப்பை நழுவவிடாமல், பொறுத்திருந்து பார் என்றார், அவருக்கும் தெரியாது. வழக்கத்தைவிட நீண்ட இறுதிப் பகுதி முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியபோது, அதை நிறுத்தவோ காக்கவோ எவரும் எழவில்லை.

தொடர் முடிந்த மறு ஆண்டு, பியர்சன் மீண்டும் தூரிகை எடுத்து, ஹில்டாவும் ட்விக்கும் மழைக்கு ஒதுங்கும் சிறு கதையொன்றைப் புதிய நூலாக வெளியிட்டார். மூலநூலார் அதை வெளியான நாளிலேயே இரண்டு பிரதிகளாக வாங்கி, ஒன்றைப் பாதுகாப்பில் வைத்து, மற்றொன்றைப் பென்சிலும் கையுமாகப் படித்து, முதல் பக்கத்தின் ஓரத்தில் ‘தொடரில் இல்லை’ என்று குறித்துக்கொண்டார்.